யூலை இருபத்தேழுக்கு முன்

2025 யூன் 27, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். இத்தாலியின் பலெர்மோவில், பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் முறை அன்றுதான் என்பதால் முதல் வேலையாக மொட்டை மாடிக்கு ஏறித் தாங்கி நிரம்புகிறதா என்று பார்த்தேன். நிரம்பிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து குளித்து, விளக்கேற்றி, கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் வைத்தேன். கணவர் உணவகத்தில் இரவு வேலை முடித்து நித்திரை. பதினாறு வயது மகளும் நித்திரை, பள்ளிக்கூட விடுமுறை. ஏழு பத்துக்கு வரவேண்டிய பஸ் ஏழு இருபத்தாறுக்கு வந்தது. எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் வேலை. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும், ஒரு பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தைத் துப்புரவு செய்வேன்.

இவ்வளவையும் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. பலெர்மோவுக்கு வந்த வருடத்திலிருந்து, பத்தொன்பது வருடமாக, ஒவ்வொரு நாளும் சதுரக் கட்டம் போட்ட கொப்பியில் எழுதி வருகிறேன். முதல் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, போனபோது, எந்த மாதம் எந்த விலாசத்தில் இருந்தாய் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தத் திகதி வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

அந்த வருடக் கொப்பியில் ஓகஸ்ட் 14க்கு உரிய பக்கத்தின் மேல் மூலையில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தேன். டெக்சாஸில் இருக்கும் என் தங்கைக்கு டொக்டர் குறித்த திகதி. என்னைவிடப் பதினொரு வயது இளையவள். கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. அவளுடைய கணவர் வேலை விசாவில் இருக்கிறார்; அவள் அவருடைய மனைவி என்ற விசாவில். இருவருக்கும் அங்கே நிரந்தர வதிவிடம் இல்லை. ஆனால் அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை பிறந்த நிமிடமே அந்த நாட்டுப் பிரசை. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே அதுதான் வழக்கம்.

சனவரியில் அங்கே வந்த புதிய சனாதிபதி அதில்தான் கை வைத்தார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பனும் பிரசையோ நிரந்தர வதிவாளரோ இல்லையென்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று ஓர் ஆணை. உடனே சில மாநிலங்கள் வழக்குப் போட்டன. நீதிபதிகள் நாடு முழுவதற்கும் சேர்த்து அந்த ஆணையைத் தடுத்து வைத்தார்கள். அந்தத் தடையை நம்பித்தான் நாங்கள் ஐந்து மாதமாக நிம்மதியாக இருந்தோம்.

மாலை நான்கு நாற்பதுக்கு, வழக்கறிஞரின் புத்தக அலுமாரியின் மூன்றாவது தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நீதிபதிகள் நாடு முழுவதற்கும் தடை போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீழே ஒருவர் அழுகிற படமும் போட்டிருந்தார். துடைக்கிற துணியைத் தட்டிலேயே விட்டேன்.

வழக்கறிஞர் மேசையில் இருந்தார். நாற்பது வயதுப் பெண், சலிக்காமல் பேசுகிறவர். தொலைபேசியை அவரிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கணினியில் இத்தாலியச் செய்தி இரண்டையும் ஆங்கிலச் செய்தி ஒன்றையும் திறந்து பத்து நிமிடம் வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவர் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இருங்கோ சிஞ்ஞோரா. இந்தக் கட்டடத்தையே எடுங்கோ. மேலை இருக்கிற தாங்கியிலை இருந்து ஒருத்தருக்கும் தண்ணி விடமாட்டன் எண்டு நிர்வாகி ஒரு கடிதம் ஒட்டுறான். மூண்டாம் மாடிக்காரி வழக்குப் போடுறாள். நீதிபதி, முழுக் கட்டடத்துக்கும் தண்ணியை விடு எண்டு சொல்லிப்போட்டார். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் ஓடினது. இப்ப பெரிய நீதிமன்றம் என்ன சொல்லுது? வழக்குப் போட்டவள் மூண்டாம் மாடிக்காரி. அவளுக்குத் தேவையான அளவுக்குத்தான் நீ தடை போடலாம், மற்ற மாடியளை ஏன் இழுக்கிறாய் எண்டு கேக்குது."

"அப்ப தண்ணியை நிப்பாட்டினது சரியெண்டு சொல்லிப்போட்டினமோ?"

"இல்லை! அதைத்தான் ஒருத்தரும் தொடேல்லை. அந்தக் கடிதம் சட்டமோ இல்லையோ எண்டது இன்னும் கிடக்கு. தடையின்ரை நீளத்தைத்தான் வெட்டியிருக்கினம். உங்கடை தங்கச்சி எந்த மாநிலம்?"

"டெக்சாஸ்."

வழக்குப் போட்ட மாநிலங்களின் பட்டியலில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. டெக்சாஸ் இல்லை. நியூ ஜேர்சி இருந்தது.

"பிள்ளை எப்ப?"

"ஓகஸ்ட் பதினாலு."

சுவர்க் கலண்டரின் தாளைப் புரட்டினார். "தீர்ப்பு இண்டையிலை இருந்து முப்பது நாள் தவணை குடுத்திருக்கு. அதுவரைக்கும் ஆணை நடைமுறைக்கு வராது. யூலை இருபத்தேழு. அதுக்குப் பிறகு வழக்குப் போடாத மாநிலங்களிலை வரலாம்." நான் ஏற்கெனவே எண்ணிவிட்டேன். பதினெட்டு நாள் பிந்துகிறது.

"வேறை வழியும் திறந்துதான் கிடக்கு," என்றார். "அந்தப் பிள்ளையள் எல்லாரையும் ஒரு கூட்டமாச் சேர்த்து வழக்குப் போடலாம். அதைத் தீர்ப்பு மூடேல்லை. ஆனா எப்ப, எந்த நீதிபதி எண்டு என்னைக் கேளாதேங்கோ. நான் பலெர்மோவிலை வாடகை வழக்குப் பாக்கிறவள்."

அந்தக் கூட்டு வழக்கு இரண்டு கிழமைக்குள் உண்மையாகவே வந்தது; வேறொரு நீதிபதி ஆணையை மறுபடியும் தடுத்தார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று விஷயம்: டெக்சாஸ், இருபத்தேழு, பதினாலு.

ஐந்து மணி ஐந்துக்குத் தங்கைக்கு எடுத்தேன். அங்கே காலை பத்து. எடுக்கவில்லை. "டொக்டரிட்டை நிக்கிறன் அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று ஒரு வரி வந்தது. சரி, அவள் வெளியே வருவதற்குள் நான் வழி கண்டுபிடித்து வைக்கிறேன் என்று நினைத்தேன். அன்றைக்குக் கூட்டிய வேகத்தில் அந்த அலுவலகத்தை நான் எப்போதும் கூட்டியதில்லை.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கொப்பியை மடியில் விரித்து, கட்டங்களில் கிழமைகளைப் போட்டேன். ஓகஸ்ட் 14 நாற்பதாம் கிழமை என்றால் யூலை 10 முப்பத்தைந்தாம் கிழமை. அன்றைக்கு அவள் விமானம் ஏறவேண்டும். நியூ ஜேர்சியில் தங்கையின் கணவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே போய் இறங்கி, ஒரு மாதம் இருந்து, பிள்ளையைப் பெற்றுக்கொண்டு திரும்பலாம். வழக்குப் போட்ட மாநிலம். அங்கே பிறக்கிற பிள்ளைக்குப் பயமில்லை. ஆசுப்பத்திரி, காப்புறுதி, வாடகைக் கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பயத்தில்தான் எழுதத் தொடங்கினேன், ஆனால் மூன்றாவது பக்கத்துக்குப் போகும்போது எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. ஒரு நாட்டின் சனாதிபதியையும் நீதிமன்றத்தையும் பிரான்காச்சோ பஸ்ஸில் இருந்து ஒரு கொப்பியால் வென்றுவிடலாம் போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் தரிப்பிடம் இரண்டு தரிப்புக்குப் பின்னால் போயிருந்தது. பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை.

வெயிலில் நடந்து வீட்டுக்கு வர ஏழு இருபது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். மகள் காற்றாடிக்கு முன்னால் படுத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் நான் தடை செய்திருக்கும் ஒரு பலெர்மோ வசைச் சொல்லை முழுதாகச் சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கர்ப்பிணியளை முப்பத்தாறு கிழமை வரைக்கும் ஏத்துவினமாம். யூலை பத்திலை மூண்டு பிளேன் இருக்கு. காலமை பிளேன் நல்லது, சித்திக்கு சத்தி, தலைச்சுத்து வராது."

"பார், பார். எல்லாத்தையும் எனக்குச் சொல்லு, நான் எழுதுறன்."

ஏழு முப்பத்தைந்துக்கு நியூ ஜேர்சிக்கு எடுத்தேன். மகளும் கேட்கட்டும் என்று தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன். அந்த அண்ணனின் மனைவி எடுத்தாள். கலகலப்பான பெண், நேரில் ஒரே ஒருமுறை, தங்கையின் கலியாணத்தில் பார்த்தது.

"அக்கா! செய்தி பாத்தனீங்களோ? நானும் இவரும் காலமையில இருந்து அதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

"அதுதான் எடுத்தனான் தங்கச்சி. உங்கடை வீட்டிலை அவைக்கு ஒரு அறை கிடைக்குமோ எண்டு கேக்க."

"அறை என்ன அக்கா, வீடே கிடக்கு. எங்கடை மாநிலத்திலை பயமில்லை எண்டு இவரும் சொன்னவர். ஆனா எப்பிடிக் கொண்டு வாறது? காரிலை எண்டால் ரெண்டு நாள் ஓடோணும்."

"காரிலை ஏன்? பிளேனிலை. யூலை பத்து, காலமைப் பிளேன். முப்பத்தஞ்சாம் கிழமை."

அவள் சிரித்தாள். "என்ன அக்கா பகிடி விடுறியள்? இன்னும் ரெண்டு கிழமையிலை பிள்ளை பிறக்கப்போற ஆளை ஆர் பிளேனிலை ஏத்துவினம்?"

"ஆருக்கு ரெண்டு கிழமை?"

குக்கர் ஒருமுறை விசில் அடித்தது கேட்டது. "ஐயோ," என்றாள். மிக மெதுவாக. "நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. எனக்கு அடுப்பிலை கறி. வைக்கிறன்."

வைத்துவிட்டாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கொப்பியைப் பார்த்தேன். மூன்று பக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண், எல்லாம் ஒரே ஒரு திகதியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக வீடியோவில் அவள் ஏன் முகத்தை மட்டுமே காட்டினாள், கமராவைக் கீழே இறக்கச் சொன்னால் ஏன் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்தது என்பதெல்லாம் அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

தங்கைக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நியூ ஜேர்சிக்காரி கறியை அடுப்பில் விட்டுவிட்டு அவளுக்குத் தகவல் சொல்லிவிட்டாள் என்று விளங்கியது.

"அக்கா, ஏசாதேங்கோ."

"திகதி என்ன?"

"யூலை பதினாலு."

"வருஷமாவது சரியோ?"

அவள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "மாமி சொன்னவ அக்கா. ஏழு வருஷத்துக்குப் பிறகு தங்கினது, உண்மைத் திகதியை ஒருத்தருக்கும் சொல்லாதை, கண்ணூறு பட்டிடும், ஒரு மாசம் தள்ளிச் சொல்லு எண்டு. இவரின்ரை ஆக்களுக்கு மாமியே பிறகு சொல்லிப்போட்டா."

"நான் உனக்கு ஒருத்தரோ?"

"நீங்கள் எழுதி வைப்பியள் அக்கா! எழுதினால் அது நிண்டிடும். ஆரும் பாத்தால்? உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு நான் எத்தினை நாள்..." அழத் தொடங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. ஐந்து மாதமாக அவளுக்கு இரும்புச் சத்து, ஊசி, கால் வீக்கம் எல்லாவற்றையும் பிழையான கிழமையில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் என் கை தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது. பதினாலு, பதினைந்து, பதினாறு. விரல்களின் மூட்டுகளில் எண்ணினேன். முதல் கை முடிந்து அடுத்த கைக்குப் போனது.

"பதின்மூண்டு நாள்!" என்று கத்தினேன்.

மகளும் கத்தினாள். கீழ் வீட்டில் யாரோ கூரையைத் தடியால் தட்டினார்கள்.

"என்ன அக்கா? என்ன பதின்மூண்டு?"

"எடியே, இருபத்தேழுக்கு முன்னம் பதின்மூண்டு நாள் கிடக்கு! பதினாலிலை பிறந்தால் ஒரு பயமும் இல்லை!"

"எந்த இருபத்தேழு?"

அப்போதுதான் தெரிந்தது, முப்பது நாள் தவணை அவளுக்குத் தெரியாது. காலையில் டொக்டரின் வாசலில் நிற்கும்போது தலைப்பை மட்டும் வாசித்திருக்கிறாள். அந்த நிமிடத்திலிருந்தே ஆணை வந்துவிட்டது, தன் பிள்ளைக்கு ஒரு நாடும் இல்லை என்று நினைத்துவிட்டாள். உள்ளே போய்ச் சோதித்துக்கொண்டு வந்து, கார் நிறுத்தும் இடத்தில் தனியாக இருந்து ஒரு மணித்தியாலம் அழுதிருக்கிறாள். கணவர் வேலையில் கூட்டத்தில், அவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் எடுக்கவில்லை, எடுத்தால் திகதிக் கதை வரும் என்ற பயத்தில். அவளிடம் சரியான திகதி இருந்தது, தவணை இல்லை. என்னிடம் தவணை இருந்தது, திகதி இல்லை. இரண்டையும் ஒன்றாக வைக்க நியூ ஜேர்சிக்காரியின் வாய் தேவைப்பட்டது.

தண்ணீர்த் தாங்கிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் மாடிக்காரி, நிர்வாகி, கடிதம் எல்லாம். முப்பது நாள் என்று வந்த இடத்தில் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லிவிட்டு, பிந்தினால் என்ன செய்வது என்று கேட்டேன். எனக்கு அதுதான் அடுத்த கட்டம்.

"பிந்தவிடமாட்டினமாம். தலை கீழை இறங்கிட்டுதெண்டு இண்டைக்குச் சொன்னவ டொக்டர். திகதிக்குப் பிறகு ஒரு கிழமை பாத்திட்டு மருந்து குடுத்துப் பிறப்பிப்பினமாம்."

"அப்ப இருபத்தொண்டு. அப்பவும் ஆறு நாள் மிச்சம்."

"ஓம் அக்கா! ஆறு நாள்!" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. அந்த விக்கல் எனக்கு அவளுடைய சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மகள் தொலைபேசியைப் பறித்தாள். "சித்தி, பிள்ளையைக் கெதியா வெளியிலை வரச்சொல்லுங்கோ. நான் இஞ்சை பதினாறு வருஷமாப் பிறந்துகொண்டிருக்கிறன், இன்னும் பிறந்து முடியேல்லை."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். ஆனால் அது உண்மை. மகள் பிறந்தது இந்த ஊர் ஆசுப்பத்திரியில். அவளுக்குத் தெரிந்த முதல் கடல் இந்தக் கடல். ஆனாலும் அவள் பையில் என்னுடையதைப் போலவே ஒரு பெர்மெஸ்ஸோ. பதினெட்டு நிறைந்த பிறகு, பிறந்த நாளிலிருந்து இடைவெளியில்லாமல் இங்கேயே சட்டப்படி இருந்ததைக் காட்டி, ஒரு வருடத்துக்குள் அவள் குடியுரிமை கேட்கவேண்டும். அந்த யூன் மாதத் தொடக்கத்தில் இங்கேயும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது: வெளிநாட்டவர் குடியுரிமை கேட்பதற்குப் பத்து வருடம் இருக்கவேண்டும் என்பதை ஐந்தாகக் குறைக்கலாமா என்று. போதிய ஆட்கள் வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போனது. அன்றைக்கு மகள், பெற்றோர் வாக்களிக்கப் போகாமல் கடலுக்குக் கூட்டிப்போன தன் வகுப்புத் தோழிகளோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. இன்றைக்கு, பிறக்காத ஒரு பிள்ளைக்குக் கிடைக்கப்போகிற ஒன்றுக்காகக் கட்டிலில் ஏறி நின்று கத்துகிறாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

"அக்கா," என்றாள் தங்கை கடைசியில். "கொப்பியிலை எழுதாதேங்கோ. பதினாலு எண்டு."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா எழுதமாட்டன். ஆனா எனக்கு இப்ப ஒரு மாசம் குறைஞ்சு போச்சே பிள்ளை! சரக்குத்தூள் அனுப்போணுமெல்லோ. நான் யூலை நடுவிலை திரிச்சு அனுப்புவம் எண்டு இருந்தனான். தபால் போய்ச் சேரவே ரெண்டு கிழமை."

"அதுதான் அக்கா நானும் யோசிச்சனான்," என்றாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு மிளகும் மல்லியும் மஞ்சளும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்த்துத் திரிக்கிற அந்தத் தூள் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் முதல் சோறு சாப்பிட்டதில்லை. அந்த யோசனையோடும் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்!

எட்டு மணி பதினைந்துக்கு வைத்தோம். நான் கொப்பியை எடுத்துத் தீர்ப்பு, மாநிலங்கள், முப்பது நாள், வழக்கறிஞர் சொன்னது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். பஸ்ஸில் போட்ட மூன்று பக்கத்தையும் கிழிக்கவில்லை. ஓகஸ்ட் 14க்குப் போட்ட சிவப்புக் கோட்டையும் அழிக்கவில்லை. பிழை என்று தெரிந்த ஒன்றைத் திருத்தாமல் கொப்பியை மூடியது அன்றைக்குத்தான். ஆச்சரியம், நன்றாக நித்திரை வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஏழு ஐம்பதுக்குப் பல்லரோச் சந்தையில் நின்றேன். மீன்காரர்கள் பனிக்கட்டியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குப் பின்னால் தமிழ்ச் சாமான் விற்கும் கடையில் முதல் ஆள் நான்தான். மல்லி, மிளகு, சின்னச்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்று சொல்லச் சொல்ல, கடைக்காரர், வன்னிப் பக்கத்து ஆள், தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"சரக்குச் சாமான் எல்லோ அக்கா இது? ஆருக்குப் பிள்ளை?"

"தங்கச்சிக்கு. அமெரிக்காவிலை."

"நல்ல விஷயம். எப்ப திகதி?"

"ஓகஸ்ட் பதினாலு," என்றேன்.

"அப்ப நாள் கிடக்கே. பிறகேன் இந்த அவசரம்?"

"தபால் பிந்தும்," என்று சொல்லி, மல்லியை இன்னும் இருநூறு கிராம் கூட்டி நிறுக்கச் சொன்னேன்.